இலவசப் புரோமோக்களை யாருக்கு, எப்படிக் கொடுப்பது? ஆறு வழிகளின் ஒப்பீடு

திருகோணமலையில் சின்னதாகப் போர்ட் கேம், கார்ட் கேம் குழு நடத்துகிறவர்களிடம் இருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. லண்டனிலோ டொரண்டோவிலோ இருக்கும் உறவினர் ஒருவர், அங்கே கடைகளிலும் கண்காட்சிகளிலும் விளம்பரத்துக்காகக் கொடுத்த இலவசச் சாமான்களை, அதாவது புரோமோக்களை, சேர்த்து வைத்து ஊருக்கு வரும்போது கொண்டுவந்து தருகிறார். கொஞ்சம் விளம்பர அட்டைகள், சில பொம்மைகள், ஒரு கட்டு அறிமுகக் கையேடுகள். இருபது சாமான், நாற்பது பேர். போன தடவை கொடுத்ததில் பாதி அன்றிரவே விலையோடு இணையத்தில் ஏறிவிட்டது. இந்தத் தடவை எப்படிக் கொடுப்பது?

அந்த விற்பனைப் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சிவப்புச் சிமெந்துத் தரையில் வைத்து எடுத்த படம். பிரிக்காத பிளாஸ்டிக் உறை, ஓரத்தில் ஒரு கட்டைவிரல், அட்டையின் கீழ் விளிம்பில் 'விற்பனைக்கல்ல' என்று பொடி எழுத்து. அதற்குக் கீழேயே விலை. 'பேரம் பேச வேண்டாம்' என்று ஒரு வரி வேறு.

கோபம் வரத்தான் செய்யும். அச்சடித்தவர் காசு வாங்கவில்லை. கொண்டுவந்தவர் தன் பயணப் பெட்டியில் இடம் ஒதுக்கினார். நீங்கள் ஒரு விடுமுறை நாளைக் கொடுத்தீர்கள். கடைசியில் ஐந்து நிமிடம் வந்து நின்றுவிட்டுப் போனவர் காசு பார்க்கிறார். ஆனாலும் ஒன்றை முதலிலேயே ஒத்துக்கொள்ள வேண்டும்: கையில் கொடுத்த பிறகு அது அவருடைய சாமான். 'விற்பனைக்கல்ல' என்ற வரி விற்பவரைக் கொஞ்சம் கூச வைக்கலாம், தடுத்து நிறுத்தாது. பேஸ்புக்கில் படம் போட்டுத் திட்டினால் அவருக்கு இலவச விளம்பரம்தான். கொடுத்த பிறகு செய்ய ஒன்றும் இல்லை, கொடுக்கும் விதம் மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

## எதை வைத்து நிறுப்பது

நான்கு விஷயங்களைப் பார்க்கலாம்.

ஒன்று, சாமான் விளையாடுகிறவர் கைக்குப் போகிறதா. இரண்டு, வாங்கி விற்பவருக்கு, அதாவது ரீசெல்லருக்கு, அதில் எவ்வளவு மிஞ்சுகிறது. இலாபம் முழுதாக இல்லாமல் போக வேண்டியதில்லை. அவருடைய நேரத்துக்குக் கட்டுபடியாகாத அளவுக்குக் குறைந்தால் போதும், தானாகவே வரமாட்டார். மூன்று, உங்களுக்கு எவ்வளவு மினக்கேடு, எவ்வளவு கொழுவல்.

நான்காவது, யார் விடுபடுகிறார். நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். ரீசெல்லரைத் தடுக்க வைக்கும் எந்த வேலியும் வேறு யாரையோ வெளியே நிறுத்தும். பெரும்பாலும் அது மூதூரில் இருந்து பஸ் பிடித்து வரும் பிள்ளையாகவோ, இருட்டுமுன் வீட்டுக்குப் போக வேண்டிய பெண்பிள்ளையாகவோ இருக்கும். வழியைத் தெரிவு செய்வது என்பது கிட்டத்தட்ட யாரை விடப் போகிறோம் என்று தெரிவு செய்வதுதான். அதைத் தெரிந்தே செய்தால் நல்லது.

இவற்றுக்கு முன், பெட்டியைத் திறந்து சாமான்களை வகை பிரியுங்கள். எல்லாப் புரோமோவும் ஒன்றல்ல. சிலவற்றில் படம் மட்டும் வேறு, ஆட்டத்தில் அது சாதாரண அட்டைதான். சில, வேறெங்கும் கிடைக்காத ஆட்ட பலத்தோடு வரும். விபரீதம் இந்த இரண்டாவது வகையில்தான். மேஜிக்: த கேதரிங் ஆட்டத்தின் மானா கிரிப்ட் அட்டை 1990களில் ஒரு நாவலோடு வந்த கூப்பனைத் தபாலில் அனுப்பியவர்களுக்குக் கிடைத்தது. செலவில்லாமல் இறக்கலாம், ஒவ்வொரு முறையும் இரண்டு மானா (மற்ற அட்டைகளை இறக்கச் செலவழிக்கும் சக்தி) தரும். அந்தப் பலத்துக்காகவே அது நூறு டொலருக்கு மேல் விலை போனது. பிறகு பல தடவை மறுபதிப்பானது. 2024 செப்டெம்பரில் மேஜிக்கின் கமாண்டர் வகை ஆட்டத்தில் தடையும் செய்யப்பட்டது. கூப்பன் அனுப்பியவருக்குத் தபால் செலவோடு கிடைத்த ஓர் அட்டை! அந்த மாதிரி ஏதாவது உங்கள் பெட்டியில் இருந்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள். மற்றவற்றோடு சேர்த்துக் கொடுக்க வேண்டாம்.

## முந்தி வந்தவருக்கு முதல்

சுலபமான வழி. வரிசை, கையில் ஒன்று, முடிந்தது. அரை மணித்தியாலத்தில் வேலை தீரும்.

ரீசெல்லருக்கும் இதைவிடச் சுலபமான வழி இல்லை. அவர் நேரத்தோடு வருவார், தம்பியையும் மச்சானையும் கூட்டிக்கொண்டு வருவார். "அண்ணை, வராத தம்பிக்கும் ஒன்று தாங்கோ" என்ற குரலும் வரிசையில் நிச்சயம் கேட்கும். ஒருவருக்கு ஒன்றுதான் என்ற விதி இந்த இடத்தில் அதிகம் எடுபடாது. 2025 ஓகஸ்டில் ஜப்பானிய மெக்டொனால்ட்ஸ் சிறுவர் சாப்பாட்டோடு போக்கிமோன் அட்டைகளைக் கொடுத்தபோது, ஆளுக்கு இத்தனைதான் என்று வரம்பு இருந்தும் முதல் நாளிலேயே பல கடைகளில் தீர்ந்துவிட்டது. அட்டையை எடுத்துக்கொண்டு சாப்பாட்டைப் பிரிக்காமல் வீதியில் விட்டுப் போன படங்கள் பரவின. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அட்டைக்குத் துணையாக எதைக் கட்டிவிட்டாலும், அது தூக்கி எறியக்கூடியது என்றால் எறிந்துவிடுவார்கள்.

விடுபடுகிறவர்கள் தூரத்தில் இருந்து வருகிறவர்கள். கூட்டம் உவர்மலையில் என்றால் பக்கத்து வீதிக்காரர் முந்துவார், கிண்ணியாவில் இருந்து வருகிறவருக்கு வெறும் பை.

இருந்தாலும் இந்த வழிக்கும் இடம் உண்டு. ஆட்களை விடச் சாமான் அதிகம் இருக்கும்போது, அல்லது விற்றாலும் விலை போகாத சாமானாக இருக்கும்போது. அறிமுகக் கையேடு, பென்சில், புள்ளி எண்ணும் தாள், துணிப்பை எல்லாம் மேசையில் பரப்பி வையுங்கள், எடுத்துப் போகட்டும். இவற்றுக்குப் போய் விதி எழுதிக்கொண்டிருப்பதுதான் வீண்.

## விளையாடி முடித்தவருக்கு

என் தெரிவு பெரும்பாலும் இதுதான். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஓட்டைகளையும் சேர்த்து.

கணக்கு எளிது. ஓர் அட்டை இணையத்தில் 2,000 ரூபாய்க்குப் போகும் என்று வைத்துக்கொள்வோம். வரிசையில் பத்து நிமிடம் நின்று அதைப் பெற்றால் அருமையான வியாபாரம். அதே அட்டைக்காக ஒன்றரை மணித்தியாலம் ஒரு மேசையில் குந்தியிருந்து, விதி கேட்டு, தோற்று, பெட்டியை அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்றால், பிறகு படம் எடுத்து, பொதி கட்டி, தபாலகத்துக்கு நடந்து... மிஞ்சுவது ஒரு நாள் கூலிக்கும் காணாது. விளையாட்டை விரும்புகிறவருக்கோ அந்த ஒன்றரை மணித்தியாலம் செலவே இல்லை. அதற்காகத்தானே வந்தார். வேறெந்த வழியிலும் இப்படி ஒருவருக்குச் செலவாகவும் மற்றவருக்கு வரவாகவும் இருக்கும் விலையை வைக்க முடியாது.

ஆனால் அந்த வேலை உண்மையான வேலையாக இருக்க வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் வான்கோ அருங்காட்சியகம் 2023 செப்டெம்பர் கடைசியில் போக்கிமோனோடு சேர்ந்து ஒரு கண்காட்சி தொடங்கியது. சாம்பல் தொப்பி அணிந்த பிக்காச்சு அட்டை ஒன்றை இலவசமாகக் கொடுத்தார்கள். சும்மா கொடுக்கவில்லை. ஒரு தேடல் தாளை வாங்கி, அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்து நிரப்பினால்தான் அட்டை. கேட்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் தாளை நிரப்புவது சிறுவர்களுக்காக வைத்த இலேசான வேலை. அதை முடித்துவிட்டு அட்டைக்காக மட்டும் வந்தவர்கள் குவிந்தார்கள், அடுத்த மாதமே பாதுகாப்பைக் காரணம் காட்டி அங்கே அட்டை கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். நம் ஊரில் 'வருகைப் பதிவில் கையெழுத்து வைத்தால் அட்டை' என்று வைக்கிறவர்களுக்கும் இதே கதிதான். கையெழுத்து வேலை இல்லை.

இனி மறைந்திருக்கும் செலவுகள். முதலாவது, மேசைக்கு ஒருவர் விதி சொல்லிக்கொடுக்க வேண்டும். நாற்பது பேர் வந்தால் எட்டு மேசை, எட்டு ஆட்கள். அவர்களுக்கு விளையாட முடியாது. இரண்டாவது, விருப்பமில்லாமல் உட்கார்ந்திருப்பவர் ஒரு மேசையையே கெடுப்பார். தன் முறை வரும்போது போனில் இருந்து தலையை எடுக்காமல் எதையாவது ஓர் அட்டையைத் தள்ளிவிடுவார். மற்ற மூன்று பேருக்கும் அந்த ஆட்டம் போச்சு. ரீசெல்லரை வாசலில் நிறுத்துவதை விட மேசையில் இருத்துவது சில வேளை பெரிய அரியண்டம்.

மூன்றாவது, நேரம். திருகோணமலையில் எந்த மணித்தியாலத்தை எடுத்தாலும் அது யாரோ ஒருவருக்கு இடிக்கும். ஞாயிறு காலை அறநெறிப் பாடசாலையும் தேவாலயமும். வெள்ளி நண்பகல் ஜும்ஆ. சனி முழுக்க ஏ.எல். பிள்ளைகளுக்கு ஒரு டியூஷனுக்கும் அடுத்த டியூஷனுக்கும் நடுவில் ஒரு மணித்தியாலம் கிடைத்தால் பெரிய விஷயம். பின்னேரம் வைத்தால், "அண்ணன், கடைசி பஸ் போயிரும்" என்று ஆட்டத்தின் நடுவில் கிண்ணியாப் பெடியன் எழும்ப வேண்டியிருக்கும். அவன் எழும்பினால் அட்டை இல்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

இதற்கு ஒரு பரிகாரம் உண்டு. ஒரே அமர்வில் முடிக்கச் சொல்லாதீர்கள். ஆளுக்கு ஒரு சின்ன அட்டை கொடுத்து, அரை மணித்தியாலத்தில் முடியும் ஆட்டம் ஒன்றை முடிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு முத்திரை குத்துங்கள். மூன்று முத்திரை சேர்ந்தால் புரோமோ. எந்த வாரம் சேர்த்தாலும் சரி. டியூஷன் பிள்ளை ஒரு மாதம் எடுத்துச் சேர்க்கலாம். கரம் அடிக்க வருகிறவர்கள், முந்நூற்று நாலு விளையாட வருகிறவர்கள் எல்லாரையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாமா என்று எங்கள் பக்கத்தில் ஒரு வாக்குவாதமே நடந்தது. சேர்க்கலாம் என்பதுதான் என் கட்சி. மேசையைச் சுற்றி இருந்து விளையாடினால் விளையாட்டுத்தான்.

## சீட்டிழுப்பு

பெயரைத் தாளில் எழுதிப் பெட்டியில் போட்டு, சின்னப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வது. கொழுவல் மிகக் குறைவு. கிடைக்காதவர் அதிர்ஷ்டத்தைத் திட்டுவார், உங்களைத் திட்டமாட்டார். இது சின்ன ஊரில் சின்ன நன்மை இல்லை.

தூரத்துக்காரர், பிந்தி வருகிறவர், கூச்சப்பட்டு வரிசையில் நிற்காதவர் எல்லாருக்கும் சம வாய்ப்பு. ரீசெல்லருக்கும் அதே சம வாய்ப்பு. நாற்பது பேருக்கு இருபது சாமான் என்றால் அவருக்குப் பாதி வாய்ப்பு. நான்கு கூட்டாளிகளைக் கூட்டி வந்தால் சராசரியாக இரண்டுக்கு மேல் அவர் பையில். ஆகவே சீட்டிழுப்பு தனியே நின்றால் வடிகட்டி ஆகாது. முன் சொன்ன முத்திரைக்குப் பின்னால் வைத்தால்தான் அதற்கு மதிப்பு: ஆட்டம் ஒன்றை முடித்தவருக்கு மட்டும் சீட்டு. ஒன்றிரண்டு விலை கூடிய சாமான் இருந்து, அதைக் கேட்டு இருபது பேர் நிற்கும்போது இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

## பிரித்து, பெயர் எழுதிக் கொடுப்பது

கைமாறும் விலையில் பெரும்பகுதி 'பிரிக்காதது' என்ற ஒரே வார்த்தையில் இருக்கிறது. உறையைக் கிழித்து, உள்ளே இருப்பதை எடுத்து, பெறுகிறவர் பெயரை நிரந்தர மை பேனாவால் எழுதிக் கையில் கொடுத்தால் அந்த விலை அந்த இடத்திலேயே விழுந்துவிடும். எழுதுவது எங்கே என்பதில் கவனம் வேண்டும். அட்டையின் முதுகில் எழுதினால் மற்ற அட்டைகளோடு சேர்த்துக் கலக்கும்போது அது எது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும், ஆட்டம் கெடும். முதுகு தெரியாத ஸ்லீவ் (ஒவ்வோர் அட்டையையும் செருகி வைக்கும் உறை) போட்டு விளையாடுகிறவர்கள் என்றால் பரவாயில்லை. இல்லாவிட்டால் முகப்பின் ஓர விளிம்பில் சின்னதாக எழுதுங்கள். வழவழப்பான அட்டையில் மை காய ஒரு நிமிடம் விடுங்கள், இல்லாவிட்டால் பெருவிரல் ரேகையோடுதான் வீட்டுக்குப் போகும்.

பொம்மைகளுக்கு இன்னும் நல்ல முறை உண்டு. சிறு பொம்மைகளை வைத்து விளையாடும் வார்ஹாமர் ஆட்டத்தின் கடைகளில் மாதம் ஒரு பொம்மையை இலவசமாகக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. உறவினர் கொண்டுவருவதில் அது அடிக்கடி இருக்கும். பிளாஸ்டிக் சட்டகத்தில் துண்டு துண்டாக இருக்கும்போதுதான் அதற்கு நல்ல விலை. அதை அப்படியே கொடுக்காமல் கத்தரியும் பசையும் மேசையில் வைத்து, அங்கேயே வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். காலைத் திருப்பி ஒட்டிவிட்டு ஒரு பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு உங்களைப் பார்க்கும். அந்தப் பொம்மையை இனி யாரும் நல்ல விலைக்கு வாங்கப்போவதில்லை, அந்தப் பிள்ளையும் விற்கப்போவதில்லை.

செலவு என்ன? உண்மையான சேகரிப்பாளர் மனம் நோவார். விளையாடுவதை விட வைத்திருப்பதில் சந்தோஷப்படும் ஆட்களும் இருக்கிறார்கள், அது குற்றமில்லை. கொண்டுவந்த மாமா தன் கண் முன்னாலேயே உறை கிழிபடுவதைப் பார்த்து முகம் சுளிக்கலாம். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இன்னொன்று, அட்டை விளையாடுகிறவர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்வது இந்தப் பொழுதுபோக்கின் பாதி உயிர். பெயர் எழுதினால் அந்த மாற்றமும் குறையும். ரீசெல்லருக்கு வைத்த அடி சில வேளை பத்து வயதுப் பிள்ளையின் பேரம் பேசும் சுகத்திலும் விழும். ஆகவே எல்லாவற்றிலும் எழுத வேண்டாம். வெளியே விலை ஏறியிருப்பது உங்களுக்குத் தெரிந்த அந்த ஒன்றிரண்டில் மட்டும் எழுதினால் போதும்.

## குழுவின் பொதுப் பெட்டி

யாருக்கும் கொடுக்காமல் குழுவுக்கே வைத்துக்கொள்வது. முதலில் கேட்கும்போது கஞ்சத்தனம் மாதிரி இருக்கும். போர்ட் கேம் புரோமோக்களைப் பொறுத்தவரை இதுதான் நியாயமான வழி.

ஏனென்றால் ஒரு போர்ட் கேமின் கூடுதல் அட்டைக்கோ பலகைத் துண்டுக்கோ தனியே வாழ்க்கை இல்லை. அடிப்படைப் பெட்டி வேண்டும். அது இங்கே இறக்குமதி விலையில் பல குடும்பங்களுக்கு எட்டாத சாமான். அந்தப் பெட்டி வீட்டில் இல்லாத பிள்ளைக்கு அதன் புரோமோ வெறும் படம். விற்பதைத் தவிர அதால் வேறு என்ன செய்ய முடியும்? நாம் கோபப்படும் மறுவிற்பனையில் ஒரு பங்கு இப்படித்தான் நடக்கிறது. விற்றவர் பேராசைக்காரர் என்பதால் அல்ல, பயன்படாத ஒன்றை நாம் அவர் கையில் திணித்ததால். அடிப்படைப் பெட்டி குழுவிடம் இருந்தால் புரோமோவும் அதற்குள்தான் கிடக்க வேண்டும்.

இதில் மறைந்திருக்கும் எதிரி மனிதர் இல்லை, காற்று. மினுங்கும் படலம் ஒட்டிய அட்டைகளில் தாள் ஈரத்தைக் குடிக்கும், படலம் குடிக்காது. வடகீழ்ப் பருவக்காற்று மழைக்காலத்தில் தாள் பக்கம் விரிந்து அட்டை முகப்புப் பக்கமாக உள்ளே வளையும். கச்சான் காற்று வீசும் காய்ந்த மாதங்களில் தாள் சுருங்கி மறுபக்கம் வளையும். டச்பே பக்கம், உப்புவெளிப் பக்கம் கடற்கரை வீடுகளில் ஒரு மழைக்காலம் கழிந்து பெட்டியைத் திறந்தால் ஓரங்களில் பூஞ்சை மணக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பைகள், ஸ்லீவ் இவை மூன்றும் கட்டாயம். அப்புறம், பொறுப்பானவர் ஒருவர் வேண்டும். எல்லாருக்கும் பொதுவான பெட்டியில் இருந்து அட்டைகள் எப்படியோ குறையும். இரவல் பதிவுக் கொப்பி இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள்.

## சிறு விலை, அல்லது ஏலம்

ரீசெல்லர் எடுக்கும் இலாபத்தைக் குழுவே எடுத்தால் என்ன? போர்ட் கேம்களுக்கான இணையத்தளமான போர்ட் கேம் கீக் புரோமோக்களைத் தன் கடையில் வெளிப்படையாகவே விற்கிறது, வருமானம் தளத்தை நடத்த உதவுகிறது. எப்போதும் ஒரு நியாய விலைக்கு வாங்கலாம் என்று இருந்தால் இடையில் நிற்பவர் விலையை ஏற்ற முடியாது. யோசனை பிழையில்லை.

ஆனால் நம் அளவில் இது சந்தேகத்தைத்தான் வளர்க்கும். இலவசமாக வந்ததற்குக் காசு வாங்கினார்கள் என்ற கதை மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தாண்டுவதற்குள் மூன்று மடங்காகிவிடும். காசில்லாத பிள்ளை முதலில் விடுபடும். அத்தோடு சாமான் ஏதாவது கடையின் திட்டத்தின் கீழ் வந்திருந்தால், விற்கலாமா என்று கொடுத்தவரிடம் கேட்காமல் செய்யக்கூடாது. 2007 முதல் நடக்கும் இலவச ஆர்பிஜி நாளை எடுத்துக்கொள்ளுங்கள் (ஆர்பிஜி என்பது ஆளுக்கு ஒரு கதாபாத்திரமாக இருந்து விளையாடும் ஆட்டம்). நமக்கு இலவசமாக வரும் கையேட்டுப் பொதிக்குப் பங்கேற்கும் கடைகள் காசு கட்டுகின்றன. இலவசம் என்பதன் பின்னால் யாரோ ஒருவர் பணம் கொடுத்திருக்கிறார். அதை நாம் விற்றால் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது?

ஒரே சாமான் நிறைய மிஞ்சிக் கிடந்தால், கொண்டுவந்தவர் சரி என்றால், வரும் காசு ஸ்லீவுக்கும் தேத்தண்ணிக்கும் போகிறது என்று சுவரில் எழுதி ஒட்டினால், அப்போது செய்யலாம்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | விளையாடுகிறவருக்குச் சேருமா | ரீசெல்லருக்கு மிஞ்சுவது | உங்கள் மினக்கேடு | விடுபடுகிறவர் |
|---|---|---|---|---|
| முந்தி வந்தவருக்கு | அதிர்ஷ்டம் இருந்தால் | முழு இலாபம் | மிகக் குறைவு | தூரத்துக்காரர் |
| விளையாடி முடித்தவருக்கு | பெரும்பாலும் | கூலிக்கும் காணாது | அதிகம் | நேரமில்லாதவர், பஸ் பிடிக்கிறவர் |
| சீட்டிழுப்பு | பாதிக்குப் பாதி | ஆள் சேர்த்தால் நல்ல இலாபம் | குறைவு | குறிப்பாக யாருமில்லை |
| பிரித்துப் பெயர் எழுதி | ஆம் | கிட்டத்தட்ட ஒன்றுமில்லை | நடுத்தரம் | சேகரிப்பாளர், மாற்றிக்கொள்கிறவர் |
| பொதுப் பெட்டி | எல்லாருக்கும் கொஞ்சம் | ஒன்றுமில்லை | தொடர்ந்து இருக்கும் | சொந்தமாக வைத்திருக்க விரும்புகிறவர் |
| சிறு விலை, ஏலம் | காசிருந்தால் | குறைவு | நடுத்தரம், பழிச்சொல்லும் சேர்த்து | காசில்லாதவர் |

ஒரே வழியை எல்லாச் சாமானுக்கும் பொருத்தப் பார்ப்பதுதான் பலர் மாட்டிக்கொள்ளும் இடம். கையேடுகளை மேசையில் பரப்புங்கள். போர்ட் கேம் அட்டைகளை அதனதன் பெட்டிக்குள் போடுங்கள். சாதாரண கார்ட் கேம் புரோமோக்களை மூன்று முத்திரைக்குக் கொடுங்கள். விலை ஏறியிருக்கும் அந்த ஒன்றிரண்டை முத்திரை எடுத்தவர்களுக்குள் சீட்டிழுத்து, உறை பிரித்து, பெயர் எழுதிக் கொடுங்கள். பொம்மைகளை ஒட்ட வையுங்கள். குழு மிகச் சிறியது, எல்லாரையும் முகம் தெரியும் என்றால் இவை ஒன்றுமே வேண்டாம். யாருக்கு எது பிடிக்கும் என்று உங்களுக்கே தெரியும், நேரே கொடுத்துவிடுங்கள்.

ரீசெல்லர் என்று சந்தேகப்படும் ஆளை வராதே என்று சொல்லலாமா என்றும் கேட்கிறார்கள். நான் சொல்லமாட்டேன். டியூஷன் காசுக்காக ஓர் அட்டையை விற்ற பெடியனையும், நாலு கூட்டத்துக்கும் போய்ப் பை நிரப்பும் ஆளையும் வாசலில் நின்று பிரித்தறிய நமக்கு வழியில்லை. முதலாமவன் அடுத்த வாரம் விளையாட வருவான். மற்றவருக்கு முத்திரை அட்டையைக் கையில் கொடுத்தாலே போதும், முகம் மாறிவிடும்.

## தவறவிட்டு, இப்போது வாங்கலாமா என்று யோசிக்கிறவருக்கு

இது மறுகரை. கூட்டத்துக்கு வரமுடியவில்லை, அட்டை மட்டும் இணையத்தில் விலையோடு கிடக்கிறது. உங்களுக்கு மூன்று தெரிவுகள்.

உடனே வாங்குவது. விலை உச்சத்தில் இருப்பது பொதுவாக முதல் சில நாட்களில்தான். எல்லாரும் பரபரப்பாக இருக்கும் நேரம் அது. அந்த விலைக்கு வாங்கினால் அடுத்த தடவைக்கும் அவருக்கு நீங்களே ஊக்கம் கொடுக்கிறீர்கள். படத்தில் உள்ளதும் பொதியில் வருவதும் ஒன்றாக இருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. போலி அட்டைகள் தாராளம்.

காத்திருப்பது. கையேடு என்றால் கட்டாயம் இதைத்தான் செய்ய வேண்டும். பய்சோ போன்ற பதிப்பாளர்கள் இலவச ஆர்பிஜி நாளுக்கு அச்சடித்த சாகசக் கையேடுகளைப் பிறகு இலவச பிடிஎஃப் ஆகவே வெளியிட்டிருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கியவர் கையில் அதே பக்கங்கள்தான் இருக்கும். டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்ற ஆர்பிஜியின் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில், யாரும் இலவசமாகப் பயன்படுத்த விடும் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தின் கீழ் வந்துவிட்டது. விளையாடத் தொடங்க எந்த ரீசெல்லரிடமும் போகத் தேவையில்லை.

மூன்றாவது, பதிலி. ஒரு தாளில் அட்டையின் பெயரையும் அது என்ன செய்யும் என்பதையும் எழுதி, பழைய அட்டை ஒன்றின் முன்னால் வைத்து ஸ்லீவில் செருகுவது. அங்கீகாரம் பெற்ற மேஜிக் போட்டிகளில் இப்படிச் சொந்தமாகச் செய்த பதிலியை ஏற்கமாட்டார்கள். வீட்டு விறாந்தையிலும் நம் வார இறுதி மேசைகளிலும் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. எதிரே இருப்பவரிடம் ஆட்டம் தொடங்குமுன் சொல்லிவிட்டால் சரி.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், விற்பவரோடு பேரம் பேசுமுன் குழு நடத்துகிறவருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போட்டுப் பாருங்கள். முத்திரை முடிக்காமல் நின்றுபோனவர்களுக்காக எடுத்து வைத்த ஒன்றிரண்டு அவரிடம் இருக்கக்கூடும். இருந்தால் அதற்கு விலை மூன்று ஆட்டம்.